வேரைக் கழுவிய காரிராமன்

மரங்கள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஒரு மலையில் காடு முழுக்க எரிந்து போயிற்று. நிழல் போனதும் ஊற்று சுருங்கத் தொடங்கியது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் புதுக் கன்றுகள் வேர்பிடிக்காவிட்டால் ஊரே மலையிறங்க வேண்டும்.

காரிராமனும் அவன் மனைவி வெள்ளச்சியும் தீ தொடாத அடுத்த மலைக்கு ஓடினார்கள். அங்கே ஒரு பெரிய நாவல் மரத்தடியில் கூடை கூடையாகக் கன்றுகளைப் பெயர்த்தார்கள்.

அவர்கள் ஊரில், காலைக் கழுவாமல் யாரும் அடுத்தவர் வீட்டுக்குள் நுழையக்கூடாது. காரிராமன் அதில் ரொம்பக் கறார். புது வீட்டுக்குப் போகிற கன்றுகள் மட்டும் சேற்றுக்காலோடு போகலாமா? அங்கேயே ஓடையில் ஒவ்வொரு வேரையும் பளிச்சென்று கழுவினான். கொண்டு வந்து நட்டான்.

பத்தே நாளில் எல்லாம் வாடித் தலைதொங்கின. ஒரே ஒரு கன்று மட்டும் துளிர்விட்டு நின்றது!

"இது மட்டும் எப்படிடி?"

வெள்ளச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கோவிச்சுக்காதே மாமா. கடைசிக் கன்னு. கை விறைச்சுப் போச்சு. கழுவாமலே நட்டுட்டேன்."

"அழுக்கோடவா?"

"அழுக்கா?" வாடிக்கிடந்த கன்று ஒன்று முனகியது. "எங்களுக்குத் தண்ணி கொண்டுவர்ற ஆளுங்களை ஓடையில விட்டுட்டுப் பேச்சைப் பாரு!"

காரிராமன் துளிர்த்த கன்றின் அடியை விரலால் மெல்ல விலக்கினான். வேரைச் சுற்றிச் சிலந்தி நூலைவிட மெல்லிய வெள்ளை இழைகள்!

"யாரு நீ?"

"காளானுக்கு வேரு மாதிரி வச்சுக்கோயேன்," என்றது இழை. "இவ இலையில சமைச்சு எனக்கு ஊட்டுவா. இவ வேரு எட்டாத இடத்துத் தண்ணியை நான் இழுத்துக் கொடுப்பேன். இங்க இருந்த எங்க ஆளுங்க தீயில வெந்துட்டாங்க. தாய்மரத்தடி மண்ணுல இன்னும் கோடிப் பேர் இருக்கோம், கண்ணுக்கே தெரியாத பொடிசுங்களும் சேர்த்து. ஓடு, கூட்டிக்கிட்டு வா!"

காரிராமன் ஓடினான். 'நல்லது செய்வதாக நினைத்து நானே கொன்றேனே' என்று வழியெல்லாம் புலம்பினான். திரும்பி வரும்போது தலையில் மண்கூடை, தொடைவரை சேறு. ஊருக்குள் நுழைந்ததும் ஒருவன் கத்தினான்: "காரிராமா, காலைக் கழுவலையா?"

"தள்ளு தள்ளு! விருந்தாளிங்க வர்றாங்க!"

குழிக்கு ஒரு கை மண். மறுநாளும் ஓடினான், இந்த முறை ஊரே கூட ஓடியது. தண்டில் பச்சை மிச்சமிருந்த கன்றுகளெல்லாம் மழை முடியுமுன் நிமிர்ந்தன. யாரும் மலையிறங்கவில்லை.

அந்த மழையிலிருந்துதான் அங்கே கன்று நடுகிறவர்கள் வேரைக் கழுவுவதில்லை. தாய்மரத்தடி மண்ணை ஒரு கை அள்ளிக் குழியில் போடுகிறார்கள். போடும்போது, வாசலில் நிற்பவர்களை அழைப்பதுபோல, "வாங்க, வாங்க" என்கிறார்கள்.