ஏட்டய்யா போட்ட விலை

பொள்ளாச்சியில் துப்பாக்கிக் கடை நடத்திய பூங்கோதைக்கு ஒரு சிஷ்யர் இருந்தார். குருவுக்கு நாற்பது சொச்சம் வயது, சிஷ்யருக்கு அறுபது. பெயர் அங்கமுத்து. போலீஸ் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளுக்கு எண்ணெய் போட்டே ஏட்டாக ஓய்வு பெற்றவர். அவர் குருவை அம்மிணி என்பார், குரு அவரை ஏட்டய்யா என்பார். இரண்டு பக்கமும் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை.

அங்கமுத்துவுக்கு ஒரே ஆசைதான். பழைய துப்பாக்கியைப் பார்த்த மாத்திரத்தில் விலை சொல்ல வேண்டும். சர்வீஸ் முழுக்க ஊரான் துப்பாக்கியைத் துடைத்தாயிற்று, இனியாவது நாலு பேர் நம்மைத் தேடி வந்து கேட்கட்டுமே என்று அவருக்கு.

சேர்ந்த அன்றைக்கே கேட்டார்.

"அம்மிணி, விலை போடறதுக்கு மொதல்ல எதைப் பார்க்கோணும்?"

அப்போதுதான் யாரோ ஓர் இரட்டைக்குழலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்தார்கள். பூங்கோதை அதை எடுத்து, சுவரோரம் இருந்த மணல் பெட்டியைப் பார்க்கத் திருப்பினார். மடக்கித் திறந்தார். இரண்டு குழலிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். கீழே வைத்துவிட்டு, "டீ சொல்லட்டுங்களா?" என்றார்.

கேட்டது காதில் விழவில்லை போலிருக்கிறது என்று அங்கமுத்து நினைத்துக்கொண்டார். மறுபடி கேட்கக் கூச்சமாக இருந்தது, விட்டுவிட்டார்.

வருகிற துப்பாக்கிக்கெல்லாம் அந்த அம்மா அதையேதான் செய்தார். மணல் பெட்டி, திறப்பு, சுண்டுவிரல். கிடங்கில் இருந்த காலத்தில் அங்கமுத்துவும் செய்ததுதான் இது. ஆனால் அது போலீஸ் துப்பாக்கி, சுடுகிற துப்பாக்கி. இங்கே வருவதெல்லாம் பழம்பொருள். கடை திறந்ததும் ஊதுபத்தி கொளுத்துகிற மாதிரி இதுவும் அம்மிணிக்கு ஒரு பழக்கம் என்று நினைத்து, கொஞ்ச நாளில் அதைக் கவனிப்பதையே விட்டுவிட்டார்.

மற்றதை எல்லாம் மளமளவென்று பிடித்துக்கொண்டார். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்கார மனுஷன். எந்த மரம், எந்த முத்திரை, எது செய்தது செய்தபடியே இருக்கிறது, எதில் பிற்பாடு கை வைத்திருக்கிறார்கள், எல்லாம் அவருக்கு அத்துப்படி ஆயிற்று.

அந்தச் சமயத்தில் ஒரு ஜமீன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மாளிகையில் இருக்கிற வேட்டைத் துப்பாக்கி அத்தனைக்கும் திங்கட்கிழமை வந்து மதிப்புப் போட வேண்டும் என்றார்கள்.

"நான் தனியாப் போய்ட்டு வரட்டுங்களா, அம்மிணி?" என்று ஏட்டய்யா நச்சரிக்க ஆரம்பித்தார். காலையில் கேட்பார், சாயங்காலம் கேட்பார். அவருக்கு அதுதான் பரீட்சை, அதுதான் பட்டாபிஷேகம்.

"அடுத்து வர்ற துப்பாக்கியை நீங்களே பாருங்க. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார் பூங்கோதை.

அடுத்து வந்தவர் மலைமேல் காப்பித்தோட்டம் வைத்திருக்கும் திருமூர்த்தி. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு லைசென்ஸ் அவர் பெயருக்கு மாறியிருந்தது. கம்பளிக்குள்ளிருந்து குழந்தையை எடுக்கிற மாதிரி ஒரு ரைஃபிளை எடுத்தார். வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்.

"கீறல் விழுந்தா விலை போயிருமுன்னு, ஜீப்புல என்ற சம்சாரம் மடியிலயே வச்சுட்டு வந்தாளுங்க. அத்தனை வளைவுலயும் கீழ வைக்கல" என்றார்.

"நல்ல காரியம் பண்ணுனீங்க" என்று ஏட்டய்யா பாராட்டினார். எதிரே உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, பூதக்கண்ணாடியும் கையுமாக ரைஃபிளின் மேல் குனிந்தார்.

பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பூங்கோதை கை கழுவிவிட்டு வந்தபோது ஏட்டய்யா பாதி வேலையை முடித்திருந்தார். ரைஃபிளின் வாய் திருமூர்த்தியின் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, அங்க புழுக்கமா இருக்குமே. இப்படி ஃபேனுக்குக் கீழ வந்துருங்க" என்றார் பூங்கோதை.

திருமூர்த்தி டம்ளரோடு இடம் மாறினார். அம்மிணிக்குத்தான் எவ்வளவு உபசாரம் என்று ஏட்டய்யா மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

"சொல்லுங்க ஏட்டய்யா. எப்படி இருக்குது?"

ஏட்டய்யா தொண்டையைச் செருமினார்.

"பொறந்தப்ப ராசா மாதிரி இருந்திருக்குமுங்க. அப்புறம் ஆளாளுக்குக் கை வச்சுக் கெடுத்திருக்காங்க. கட்டையை அறுத்து ரப்பர் வச்சிருக்காங்க. குழல் நுனியில ரெண்டு விரக்கடை வெட்டியாச்சு. டெலஸ்கோப் மாட்ட ஓட்டை போட்டிருக்காங்க. டெலஸ்கோப்புக்கு இடிக்குதுன்னு, விசையைப் பூட்டி வைக்கிற சேஃப்டியையே கழட்டி எறிஞ்சிருக்காங்க."

"சேஃப்டி இல்லைங்களா?"

"இல்லீங்க."

"சேஃப்டி இல்லைன்னா என்னங்க அர்த்தம்?"

"விலை குறையுமுன்னு அர்த்தமுங்க, அம்மிணி."

"வேற?"

ஏட்டய்யா யோசித்தார். "ரொம்பக் குறையுமுங்க."

பூங்கோதை ஏட்டய்யாவின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"குழலுக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தீங்களா?"

"அது கடைசியிலங்க. விசை ஒண்ணு பாக்கி இருக்குது. அதுலயும் எவனோ ராவி வச்சிருக்கான். எவ்வளவு லேசு பண்ணியிருக்கான்னு ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாத் தெரிஞ்சுபோகும்."

சொல்லிக்கொண்டே உற்சாகத்தில் ரைஃபிளைத் தூக்கித் தோளில் வைத்தார். வெளிச்சத்துக்காகத் திரும்பினார். அவரோடு ரைஃபிளும் திரும்பி, ஃபேனுக்குக் கீழே டீயை ஆற்றிக்கொண்டிருந்தவர் மேல் போய் நின்றது. விரல் விசைக்குள் நுழைந்தது.

பூங்கோதையின் கை குழலைப் பிடித்தது. அப்படியே தள்ளிக்கொண்டு போய் மணல் பெட்டியைப் பார்க்க வைத்தது.

"விரலை வெளிய எடுங்க. போல்ட்டைத் தொறங்க."

அம்மிணி இவ்வளவு மெதுவாகப் பேசி ஏட்டய்யா கேட்டதில்லை. விரலை எடுத்தார். குழலின் பின்பக்கத்தை அடைத்திருந்த போல்ட்டைத் தூக்கிப் பின்னால் இழுத்தார்.

பச்சை பூத்த தோட்டா ஒன்று துள்ளி விழுந்து, தரையில் உருண்டு, மேஜைக் காலில் முட்டி நின்றது.

முதலில் வாயைத் திறந்தவர் திருமூர்த்திதான்.

"அட, அப்பா வச்ச தோட்டா! பன்னி வந்தா வேணுமுன்னு போட்டு வச்சிருப்பாருங்க. அப்புறம் படுத்தவரு எந்திரிக்கவே இல்லை. நான் காலியா இருக்குமுன்னே நெனச்சேன்." குனிந்து பார்த்தார். "ஏனுங்க, இதுவும் அந்தக் காலத்துச் சரக்குதானே? இதுக்குத் தனியா ஏதாச்சும் விலை வருமுங்களா?"

ஏட்டய்யாவுக்கு வலது கை ஆள்காட்டி விரல் மடங்கியது மடங்கியபடியே இருந்தது, நீட்ட முடியவில்லை.

"உங்க சம்சாரம் எங்கீங்க இருக்காங்க?" என்று கேட்டார்.

"கோயிலுக்குப் போயிருக்கா. எதுக்குங்க?"

ஏட்டய்யா தோட்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் திருமூர்த்திக்கு உறைத்தது.

"மடியில" என்றார். "மலை முச்சூடும்."

டம்ளரைத் தரையில் வைத்தார். டீ பாதி அப்படியே இருந்தது. எழுந்து செருப்பைத் தேடினார், கிடைக்கவில்லை, வெறுங்காலோடு கோயில் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார். விலை என்ன என்று கேட்கவே இல்லை.

ஏட்டய்யா குனிந்து தோட்டாவை எடுத்தார். போல்ட் திறந்துதான் கிடந்தது. இருந்தாலும் ரைஃபிளை இன்னொரு தடவை மணல் பெட்டியைப் பார்க்கத் திருப்பினார். சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தார். சேர்ந்த அன்றைக்குக் கேட்ட கேள்வி அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. மனுஷனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சர்வீஸ்ல ஒரு நாள் தவறுனதில்லீங்க அம்மிணி. பழசுன்னு சொன்னதும் கண்ணு அவிஞ்சு போச்சு."

பூங்கோதை டம்ளரை எடுத்துக் கழுவப் போட்டார்.

"நாளையிலிருந்து நான் வரலீங்க. ஜமீனுக்கு வேற ஆளைப் பாருங்க."

"திங்கக்கெழம காலைல பஸ்ஸு. டார்ச்சை மறந்துறாதீங்க."

"யாருங்க போறது?"

"நீங்கதான்."

ஏட்டய்யா நிமிர்ந்து பார்த்தார். "இதுக்கு அப்புறமுமா? என்னைத் தனியா அனுப்ப உங்களுக்கு பயமா இல்லீங்களா?"

"இன்னைக்குக் காலைல வரைக்கும் இருந்துச்சுங்க, ஏட்டய்யா" என்றார் பூங்கோதை.