மைனாவின் புது இருக்கை

மருதங்காட்டுக் குளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கோடையில் சிறிய உயிர்கள் முதலில் குடிக்கும், பெரியவை கடைசியில். பெரிய கால்கள் இறங்கினால் தண்ணீர் சேறாகிவிடும் அல்லவா? குளத்து நடுவில் இருந்த கரும்பாறையில் உட்கார்ந்து, இப்போது யாருடைய முறை என்று மைனா கூவும்.

ஒரு வருடம் மழை பொய்த்தது. மேற்கு மலையிலிருந்து யானைகள் வந்தன.

"கரையை உயர்த்திக் கட்டித் தருகிறோம். மலை ஓடையை இந்தப் பக்கம் திருப்பிவிடுகிறோம். எந்தக் கோடையிலும் குளம் வற்றாது!" என்றது தலைமை யானை.

"பதிலுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டது முயல்.

"நாங்களும் வந்து குடிப்போம். அவ்வளவுதான்!"

"பாறை மூழ்கிவிடுமே! மைனாக்கா எங்கே உட்காருவாள்?" என்றது காடை. அதன் குஞ்சுகள் அப்போதுதான் பொரிந்திருந்தன.

"கரைமேல் நல்ல இருக்கை போட்டுத் தருகிறோம். நிழலோடு!"

"இந்தக் காடைக்கு எதிலும் ஒரு குறை!" என்றது மான். எல்லாம் சிரித்தன.

கரை எழுந்தது. சொன்னபடியே குளம் நிரம்பியது. மைனா புது இருக்கையில் அமர்ந்தது. அங்கிருந்து பார்த்தால் யானைகள் வரும் தடம் நன்றாகத் தெரிந்தது. காடையும் முயலும் வரும் தாழ்ந்த வழியைக் கோரைப்புல் மறைத்தது.

அடுத்த கோடை வந்தது. காடைக்குப் புதுக் குஞ்சுகள் பொரிந்திருந்தன.

"யானைகள் வரலாம்!" என்று கூவியது மைனா.

"அக்கா! நாங்கள் இங்கே நிற்கிறோம்!" என்று கோரைப்புல்லுக்குள்ளிருந்து குரல் கொடுத்தது காடை.

"யார் அது? ஒருவரையும் காணோமே!"

"இறங்கி வந்து பாரேன்! குஞ்சுகளுக்கு நா வறண்டுவிட்டது!" என்று கத்தியது காடை.

மைனா சிறகை விரித்தது. தலைமை யானை நிமிர்ந்து பார்த்தது. விரித்த சிறகை மைனா மடக்கிக்கொண்டது.

"இது அவர்கள் போட்ட இருக்கை, காடை. நான் எப்படி இறங்குவேன்?"

மான் தலை குனிந்து நின்றது.

யானைகள் குடித்தன, குளித்தன, போயின. குளம் முழுக்கத் தண்ணீர். அத்தனையும் சேறு. கரையோரத்தில் ஒரு யானையின் காலடிப் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் நீர் தெளிந்திருந்தது. காடை குஞ்சுகளை அங்கே கூட்டிப்போனது.

"அம்மா, குளம் நம்முடையதுதானே?" என்று கேட்டது கடைசிக் குஞ்சு.

"ஆமாம் கண்ணு. மெதுவாகக் குடி, கலங்கிவிடும்."

பிறர் கட்டித் தரும் கரையை ஏற்கலாம். முறை சொல்பவரின் இருக்கையை மட்டும் நாமேதான் போட வேண்டும்.