உச்சிவெயிலில் பௌர்ணமி

கூகைமலைப் பாறையில் உட்கார்ந்து வானம் பார்க்கும் செங்கமலத்துக்கு ஒரே ஒரு சீடர். அவரும் குருவைவிடப் பதினாறு வயது மூத்தவர்.

பெயர் தணிகாசலம். முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படிக்கட்டில் தொங்கிய கல்லூரிப் பையன், சில்லறைக்குச் சண்டை போட்ட தாசில்தார், கோழியை மடியில் மறைத்துக் கொண்டு வந்த கிழவி என்று ஏறி இறங்கிய அத்தனை பேரின் குரலும் அவர் தொண்டையில் இருந்தது. கேட்டால் எடுத்து விடுவார். கேட்காவிட்டாலும் எடுத்து விடுவார்.

பங்குனிப் பௌர்ணமிக் கிரிவலம் நடந்து முடிந்த மறுநாள், வெயில் உச்சியில் நிற்கும் நேரத்தில் அவர் பாறைக்கு ஏறி வந்தார். வழக்கமாகக் கும்பிடுவார். அன்று கும்பிடவில்லை.

"கீழே வாங்கம்மா."

"எதுக்கு?"

"மைக்ல ஒரு வார்த்தை சொல்லணும். அந்தப் பாதையைச் சரி பண்ணது யாருன்னு."

மலையைச் சுற்றி வரும் பாதை அது. மூன்று வருடமாக யாரும் கவனிக்காமல் கருவேல முள்ளும் கூரான சரளையுமாகக் கிடந்தது. அமாவாசைக்கு மறுநாள், பிரதமை அன்று, தணிகாசலம் மண்வெட்டியோடு இறங்கினார். ஒரு திதிக்கு ஒரு துண்டு. பிரதமைத் துண்டு, துவிதியைத் துண்டு என்று பெயரும் வைத்துக்கொண்டார். நிலா வளர வளரப் பாதையும் வளர்ந்தது. சதுர்தசித் துண்டு முடிந்த அன்றைக்கு ராத்திரி ஊரே வெறுங்காலோடு நடந்தது. ஒருவர் காலிலும் முள் தைக்கவில்லை.

நுழைவாயிலில் பிளக்ஸ் வைத்திருந்தார்கள். விழாக் குழுத் தலைவர் கோதண்டம் ஆள் உயரத்துக்குக் கைகூப்பி நின்றார். கீழே பெரிய எழுத்தில்: பாதைச் சீரமைப்பு உபயம்.

"உபயமாம்" என்றார் தணிகாசலம். வயிற்றை முன்னால் தள்ளினார், குரலை மூக்குக்கு ஏற்றினார், கோதண்டமாகவே ஆகிவிட்டார். "'பக்த கோடிகளே, உங்க பாதத்துல ஒரு முள்ளு தைக்கக் கூடாதுன்னு பதினாலு நாளா எனக்கு ராத்தூக்கம் இல்லை.' ராத்தூக்கம் இல்லையாம். அந்தாளு குறட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும்மா." குறட்டையையும் விட்டுக் காட்டினார்.

செங்கமலம் சிரித்தாள்.

"சிரிக்காதீங்க. ஒரு பொம்பளை அந்தப் பிளக்ஸைப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கிறா. 'புண்ணியவான், நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும்.' நான் அவ பக்கத்துலயே நிக்கிறேன். என் கையைப் பாருங்க. இன்னும் முள்ளு எடுத்து முடியலை. அப்ப ஒரு தொண்டர் பையன் வர்றான், விசிலும் கையுமா. 'பெரியவரே, வழியில நிக்காதீங்க, ஓரமாப் போங்க.' யார் போட்ட வழிம்மா அது? யாரை ஓரமாப் போகச் சொல்றான்?"

"நல்லாச் செய்றீங்க. பையன் அப்படியேதான் பேசுவான்."

"எனக்கு வயிறு எரியுது, நீங்க குரல் நல்லா இருக்குன்றீங்க. யாரும் பார்க்கலைன்னா நான் செய்யலைன்னு ஆயிடுமா?"

செங்கமலம் அவர் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"மணி என்ன?"

"பன்னிரண்டு இருபது."

"நோட்டீஸ்ல பௌர்ணமி எத்தனை மணி வரைக்கும் போட்டிருக்கு?"

சட்டைப் பையிலிருந்து நோட்டீஸை எடுத்து விரித்தார். "நேத்துப் பகல் பதினொண்ணு நாற்பது முதல் இன்னைக்குப் பகல் பன்னிரண்டு இருபத்தஞ்சு வரைக்கும். இதுவும் நான் பஞ்சாங்கம் பார்த்து எழுதிக் குடுத்தது. அடியில பாருங்க, 'இவண் கோதண்டம்.'"

"கொஞ்சம் உட்காருங்க."

பாறை கொதித்தது. துண்டை மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். கீழே ஒலிபெருக்கி அன்னதானத்துக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் போயிற்று. சீடருக்கு மூச்சு புஸ் புஸ் என்று வந்தது.

பிறகு செங்கமலம் இரண்டு உள்ளங்கைகளையும் பாறையில் பதித்துக் குனிந்து, நெற்றி கல்லில் படும்படி வணங்கினாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"நிலா நிறைஞ்சிருச்சு."

தணிகாசலம் அண்ணாந்து பார்த்தார். சூரியன் கண்ணைக் குத்தியது.

"எங்கே?"

"நம்ம காலுக்குக் கீழே. பூமிக்கு அந்தப் பக்கம்."

நோட்டீஸை மறுபடியும் பார்த்தார். பௌர்ணமி முடிகிற அந்த நொடியில்தான் நிலா முழுசாக நிறைகிறது. அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை. மூன்று வருடமாகப் படித்ததுதான். ஆனால் அந்த நொடி ஒரு நண்பகலில், காலுக்கு அடியில் வந்து போகும் என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"அப்ப நேத்து ராத்திரி அவ்வளவு கூட்டமும் கும்பிட்டது?"

"கொஞ்சம் குறை. ஒரு நகக்கண் அளவு."

"இன்னைக்கு ராத்திரி வர்றது?"

"தேய ஆரம்பிச்சது."

"நிறைஞ்ச நிலாவை இந்த ஊர்ல ஒருத்தரும் பார்க்கலியா?"

"இல்லை."

"இது அநியாயம்" என்றார் தணிகாசலம். நிலாவுக்காகவும் சேர்த்து ஒரு நிமிடம் கொதித்தார். "பேராவது அதுக்குச் சொந்தமா இருக்கான்னா அதுவும் இல்லை. உத்திரத்துப் பக்கத்துல நின்னா பங்குனி உத்திரம், பூசத்துப் பக்கத்துல நின்னா தைப்பூசம். சரி, பேர் குடுத்த நட்சத்திரமாவது மரியாதையா இருக்கான்னா, நேத்து நிலா வெளிச்சத்துல உத்திரத்தைத் தேடித் தேடி எனக்குக் கழுத்து பிடிச்சிக்கிச்சு. மேலயே லட்சணம் இப்படி."

திடீரென்று அவருக்குச் சந்தேகம் வந்தது. குருவைக் கூர்ந்து பார்த்தார். பிறகு குருவின் குரலிலேயே, அந்த மெல்லிய இழுப்போடு பேசினார்.

"'தணிகாசலம், நிலா பேசாம இருக்கு பாருங்க. நீங்களும் பேசாம இருங்க.' இதானே சொல்ல வர்றீங்க? நான் நிலா இல்லைம்மா. கண்டக்டர்."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றாள் செங்கமலம்.

எழுந்தாள். பாறை ஓரத்தில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வாங்க போகலாம். அந்தாளு சொன்னது பொய். மைக்லயே சொல்லிடலாம். அன்னதானக் கூட்டம் இன்னும் கலையலை."

குரு பாறையை விட்டு இறங்கித் தணிகாசலம் பார்த்ததே இல்லை.

"என்னன்னு சொல்லணும்? சரியாச் சொல்லிக் குடுங்க" என்றாள்.

"தணிகாசலம். பதினாலு நாள். தனி ஆளா."

"நோட்டையும் எடுத்துக்குவோம். கூட்டத்துல எவனாவது நாள் கணக்கு கேப்பான்."

பாறை இடுக்கில் இருந்த நோட்டு அது. மாலையில் நிலா எந்த அளவுக்கு இருந்தது, எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றது என்று தணிகாசலம் தினமும் எழுதி வைப்பது. இந்த மலையில் குரு கொடுத்த ஒரே பாடம். செங்கமலம் பக்கத்தைப் புரட்டி உரக்கப் படித்தாள்.

"நவமி. பாதிக்கு மேல். திருவாதிரைக்கு அருகே. தசமி. முதுகு வளைந்த மாதிரி. புனர்பூசம். ஏகாதசி. காய்ச்சல். பார்க்கவில்லை. துவாதசி. காய்ச்சல். பார்க்கவில்லை."

நிறுத்தினாள்.

"இந்த ரெண்டு நாள் நிலா வளர்ந்துச்சா?"

தணிகாசலம் சிரித்துவிட்டார். "நல்லாக் கேட்டீங்க. நான் பார்க்கலைன்னா வளராமப் போயிடுமா?"

"பாதை?"

சிரிப்பு பாதியில் நின்றது.

"திரயோதசி அன்னைக்கு எழுந்து போனீங்களே. ஏகாதசித் துண்டும் துவாதசித் துண்டும் எப்படி இருந்துச்சு?"

"சுத்தமா இருந்துச்சு."

"யாரு?"

"அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற அம்மா ஒண்ணு. தினம் வரும். மண்வெட்டியை அங்கேயே போட்டுட்டு வந்திருந்தேன். அதை எடுத்துச் செஞ்சிருக்கு. திரும்பவும் அதே இடத்துல கழுவி வெச்சிருந்துச்சு. நான் போறப்ப ஆட்டை ஓட்டிக்கிட்டுத் தூரமாப் போய்க்கிட்டு இருந்துச்சு. கையை ஆட்டினேன்."

"பேர்?"

கீழே ஒலிபெருக்கியில் கோதண்டம் இரண்டாவது பந்திக்கு எல்லோரையும் வருக வருக என்றார்.

"பேர் தெரியலைன்னா போகட்டும்" என்றாள் செங்கமலம். "எப்படிப் பேசும் அந்த அம்மா? செஞ்சு காட்டுங்க."

தணிகாசலம் வாயைத் திறந்தார். தாசில்தார் இருந்தார். கல்லூரிப் பையன் இருந்தான். கோழிக் கிழவி இருந்தாள், அவள் கோழியும் இருந்தது. கோதண்டம் நாக்கு நுனியிலேயே நின்றார். ஆடு மேய்க்கிற அம்மாவின் குரல் மட்டும் அங்கே இல்லை.

செங்கமலம் நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தாள். பாறையில் மறுபடியும் உட்கார்ந்து, காலை வெயிலில் நீட்டிக்கொண்டாள்.

"பேரைக் கேட்டுட்டு வாங்க. செருப்பை நான் கழட்டலை."