மேற்படி கால்

அன்று காலை யோகக் கூடத்தில் இருந்தவர்கள்: குரு தில்லைநாயகி, அவருடைய சீடர்கள் ஆதிமூலம், செலின், அயர்லாந்திலிருந்து வந்திருந்த ஏழு பேர். மொத்தம் பத்து. வாசலில் படுத்திருந்த நாயைச் சேர்க்கவில்லை. அது பாடம் கேட்க வந்ததல்ல.

ஏழு பேரும் பாயில் மல்லாந்து, கண்ணை மூடிக் கிடந்தார்கள். செலின் நடுவில் நின்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆதிமூலம் சுவரோரம் நின்று, அவளுடைய தப்புகளை விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆதிமூலம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து விருப்ப ஓய்வில் வந்தவர். குருவைவிட ஒன்பது வயது மூத்தவர். பதினோரு வருடமாக இந்தக் கூடத்தைப் பெருக்கிப் பாய் விரித்தவர். செலின் வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் வெள்ளைக்காரர்கள் தங்கும் கடற்கரை விடுதி ஒன்றில் வேலை பார்த்தாள். ஆங்கிலம் அங்கே அவளிடம் ஒட்டிக்கொண்டது.

குருவுக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை. இரண்டு மாதம் கூடத்துக்கு வரமாட்டார். அதுவரை வெளிநாட்டார் வகுப்பு யாருக்கு என்று அன்று சொல்வதாக இருந்தார். ஆதிமூலம் இரவெல்லாம் தூங்கவில்லை.

"லெஃப்ட் லெக். பிரிங் ஹிம் அப். ஹோல்ட் ஹிம் தேர்," என்றாள் செலின்.

ஏழு இடது கால்கள் எழுந்தன.

"நௌ புட் ஹிம் டவுன். ஸ்லோலி, ஸ்லோலி."

ஏழும் இறங்கின. முழங்கால் சரியாக மடங்காத டெர்மட் என்ற கிழவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். குருவும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் ஆதிமூலத்துக்கு வயிறு எரிந்தது. தன் பாடத்துக்கு குரு இப்படிச் சிரித்ததாக அவருக்கு நினைவில்லை.

இடைவேளையில் குருவிடம் போனார்.

"அம்மா, காலை அவன் அவன்னு சொல்றா. கால் எப்படிம்மா அவன் ஆகும்?"

"போன மாசம் மூட்டு வலிச்சப்ப நீங்க என்ன சொன்னீங்க? 'படுபாவி, தூங்க விடமாட்டேங்கிறான்'னு சொல்லலை?"

"அது தமிழும்மா."

"சரி."

"அவகிட்ட இருக்கறதே பத்துச் சொல்லு. புட்டு, பிரிங்கு, லெட்டு, ஹோல்டு. பின்னாடி ஒரு அப்பு, ஒரு டவுனு, இன்னு, அவுட்டு. நடுவுல ஒரு ஹிம். சீட்டுக் கலைக்கிற மாதிரி அதையே கலைச்சுக் கலைச்சுப் போடுறா. எனக்கு நாலாயிரம் சொல் தெரியும்மா."

தண்ணீர்க் குடத்தோடு போன செலின் காதில் இது விழுந்தது.

"நாலாயிரமா! பாதியை எனக்குக் குடுங்களேன் ஆதியண்ணே. சும்மாதானே கிடக்கு."

"பாத்தீங்களாம்மா இவ வாயை?"

"அடுத்ததை நீங்களே நடத்துங்க," என்றார் குரு.

ஆதிமூலம் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடுவில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"இன்ஹேல்."

எல்லோரும் இழுத்தார்கள். அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

"எலிவேட் த லெஃப்ட் லெக்."

கால்கள் கொஞ்சம் யோசித்து எழுந்தன.

"ரீடெய்ன் த செட் லெக் இன் த அஃபோர்செட் பொசிஷன்."

மேற்படி காலை முற்கூறிய நிலையிலேயே வைத்துக்கொள்ளவும் என்று பத்திரத்தில் எழுதுவோமே, அதே நடை. இலக்கணத்தில் ஒரு பிசகு கிடையாது. ஆனால் ஒரு கண் திறந்தது. பிறகு இன்னொன்று. பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக் குலுங்கினார்கள். டெர்மட் மட்டும் காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு அடுத்த ஷரத்துக்காகக் காத்திருந்தார்.

ஆதிமூலம் குருவிடம் திரும்பி வந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"தப்பு எங்கேம்மா?"

"தப்பே இல்லை."

"பின்னே ஏன் சிரிக்கிறாங்க?"

"உங்க பேத்தியைத் தூக்கறப்ப 'மேல வா'ன்னு கூப்பிடுவீங்களா, 'உயர்வாயாக'ன்னு கூப்பிடுவீங்களா?"

அவர் சிவந்த காதைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"அப்ப வகுப்பு அவளுக்குத்தானா?"

"போய்ப் பாயில படுங்க. செலின் சொல்லட்டும்."

"நானா? அவ சொல்லியா?"

"பாய் அங்கே இருக்கு."

மூன்று வருடத்தில் அவர் அவள் பாடத்துக்குப் படுத்ததே இல்லை. டெர்மட்டுக்கு அந்தப் பக்கம் எட்டாவது பாயை விரித்துப் படுத்துக் கண்ணை மூடினார். குரு அவர் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தார். பாயில் படுத்தவர் வாய் திறக்கக் கூடாது என்பது அந்தக் கூடத்தின் வழக்கம்.

"பிரீத் இன்," என்றாள் செலின். "நௌ லெட் இட் அவுட்."

ஏழு பேரின் மூச்சும் ஒரே ஆள் விடுவது போல வந்து போனது. ஆதிமூலமும் இழுத்தார், விட்டார். ஆனால் கண்ணை மூடினாலும் காது காவல் இருந்தது. ஓரிடத்தில் ஒரு சொல்லை விழுங்கிவிட்டாள். ஒரு விரல் மடங்கியது. இன்னோரிடத்தில் ஒருமையைப் பன்மையாக்கினாள். இன்னொரு விரல். அவளுடைய குரல் தாழ்ந்துகொண்டே போனது. அவருடைய கை இறுகிக்கொண்டே வந்தது.

பன்னிரண்டாவது முறை "பிரீத் இன்" என்றாள். ஆதிமூலம் நெஞ்சு நிறைய இழுத்தார்.

"ஹோல்ட் ஹிம் தேர்."

மூச்சையும் அவனாக்கிவிட்டாள்!

அவர் துள்ளி எழுந்து உட்கார்ந்தார். பேசக் கூடாதே என்று, ஒன்பது விரல்களை விரித்து குருவின் முகத்துக்கு நேரே நீட்டினார். பின்னால் செலின் ஏதோ சொன்னாள். ஏழு பேரும் நீளமாகப் பெருமூச்சு விட்டார்கள். டெர்மட் லேசாகக் குறட்டை விட ஆரம்பித்தார்.

குரு ஒன்பது விரல்களையும் பார்த்தார். பிறகு செலினைப் பார்த்து, "ரெண்டு மாசமும் நீயே நடத்தும்மா," என்றார்.

ஆதிமூலத்தின் விரல்கள் விரித்தபடியே நின்றன. கன்னம் உப்பி, முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்திருந்தது.

குரு அவர் பக்கம் குனிந்தார்.

"பன்னிரண்டு தடவை இழுக்கச் சொன்னா. இழுத்தீங்களா?"

ஆதிமூலம் வேகமாகத் தலையாட்டினார்.

"பன்னிரண்டு தடவை விடவும் சொன்னா."

ஆட்டிய தலை பாதியில் நின்றது.

"விட்டது பதினொண்ணு," என்றார் குரு மெதுவாக. "மிச்சம் ஒண்ணு."