மூன்று நாள் பச்சை

“எல்லாம் பச்சையாத்தான் இருக்கு மேடம். ஆனா பயம் போகமாட்டேங்குது.”

ஜெபமணி இதைச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்.

சீடருக்கு வயது ஐம்பத்தொன்று, குருவுக்கு முப்பத்துநான்கு. குருவின் பெயர் பிரம்மசக்தி. டேட்டாபேஸ் சங்கதியெல்லாம் அவளிடம்தான் அவர் கற்றுக்கொண்டார்.

இடம் ஒரு துறைமுக ஊர் ரத்த வங்கி. எந்த வகை ரத்தம் எத்தனை பை இருக்கிறது என்பது முழுக்க ஜெபமணி பார்த்துக்கொண்ட டேட்டாபேஸில் இருந்தது. போன மாதம் அது நின்றுபோனது. ஒரு சத்தமும் இல்லை. நாற்பது நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை ஒரு பிரசவக்காரியின் அப்பா கவுண்ட்டரில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பிழைத்துவிட்டாள். ஆனாலும் ஜெபமணிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அதனால்தான் டேட்டாபேஸைக் கவனித்துச் சொல்ல ஒரு ஏஜென்ட் மென்பொருளைப் போட்டார். நன்றாக இருந்தால் திரையில் பச்சை. நின்றால் சிவப்பு, கூடவே அவருடைய போன் அலறும்.

நாளைக் காலை முதல் இன்னும் மூன்று ஆஸ்பத்திரிகள் இதை நம்பித்தான் ரத்தம் கேட்கப்போகின்றன.

“எத்தனை நாளா பச்சை, அண்ணாச்சி?”

“மூணு நாளா. ஒரு ஆட்டம் அசைவு இல்ல. வேலை நடக்கதைக் காட்டுத கோடு தரையோட படுத்துக் கிடக்கு. கர்த்தர் கிருபைன்னு நெனச்சேன்.”

“சிவப்பு எப்பப் பாத்தீங்க?”

“அதைப் பாக்கக் கூடாதுன்னுதான மேடம் இவ்வளவு பாடு!”

பிரம்மசக்தி போனை எடுத்தாள். கவுண்ட்டரில் இருந்த ரோசாரி சிஸ்டரிடம் பேசினாள்.

“சிஸ்டர், கால் மணி நேரம் கம்ப்யூட்டர் வேண்டாம், நோட்டுல எழுதிக்கிடுங்க.”

பிறகு ஜெபமணியைப் பார்த்தாள்.

“டேட்டாபேஸை நிறுத்துங்க.”



“என்ன மேடம் சொல்லுதீங்க? நல்லா ஓடுததை நானே நிறுத்தவா?”

அவள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

நிறுத்தினார். கட்டளையை இரண்டு முறை தப்பாக அடித்து, மூன்றாவது முறைதான் நின்றது.

“நின்னுட்டு!” என்று கவுண்ட்டரிலிருந்து சிஸ்டரின் குரல் வந்தது.

இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

பச்சை.

ஒரு நிமிடம் போனது. இரண்டு. போன் மேசையில் சும்மா கிடந்தது.

“ஏஜென்ட் தூங்கிட்டோ?”

“நல்லா முழிச்சுத்தான் இருக்கு. யாருக்குக் காவல் இருக்குன்னு பாருங்க.”

எதைக் கவனிக்க வேண்டும் என்று ஏஜென்ட்டுக்குச் சொல்லும் அமைப்புக் கோப்பைத் திறந்தார். முதல் வரியில் பெயர்: ரத்த வங்கி. அது அவரே ஆசையாகக் கொடுத்த பெயர். அடுத்த வரியில் முகவரி: லோக்கல்ஹோஸ்ட்.

‘நான் உட்கார்ந்திருக்கும் இதே கம்ப்யூட்டர்’ என்பதுதான் அதற்கு அர்த்தம். ஏஜென்ட் உட்கார்ந்திருந்தது ஜெபமணியின் மேசைக் கம்ப்யூட்டரில். நிஜ டேட்டாபேஸ் ஓடியது மாடியில் இருந்த சர்வரில். மேசைக் கம்ப்யூட்டரில் இருந்தது அவர் பழகிப் பார்க்க வைத்திருந்த பொம்மை டேட்டாபேஸ். அதில் மொத்தம் பன்னிரண்டு பேர். எல்லாரும் அவருடைய மச்சான் கூட்டம்.

மூன்று நாளாக மச்சான்கள் சௌக்கியமாக இருந்திருக்கிறார்கள்.

ஜெபமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

“நேத்து நெசமாவே நின்னிருந்தா, மேடம்?”

அவள் டீயைக் குடித்தாள்.

அவர் டேட்டாபேஸை மறுபடி ஓடவிட்டார். ஏஜென்ட்டுக்கென்று அதில் ஒரு பயனர் பெயரை உண்டாக்கினார். நிலவரத்தைப் படிக்க மட்டும் அனுமதி, எதையும் தொட அனுமதி இல்லை. கோப்பில் முகவரியை மாடி சர்வருக்கு மாற்றினார். ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுப் படித்தார். ஏஜென்ட்டை நிறுத்தி மறுபடி கிளப்பினார்.

பச்சை வந்தது. இந்தத் தடவை கோடு படுத்துக் கிடக்கவில்லை, ஏறி இறங்கியது.

“அப்பாடா,” என்றார் ஜெபமணி.

“சிஸ்டர்கிட்ட கேட்ட கால் மணியில இன்னும் நாலு நிமிசம் இருக்கு. மறுபடி நிறுத்துங்க.”

“இன்னொரு தடவையா?”

“ம்.”

முதல் தடவையைவிட இப்போதுதான் அவருக்கு அதிகமாகப் பயமாக இருந்தது. இதுவும் பச்சையாகவே நின்றுவிட்டால், நாளைக் காலையில் யாரிடம் என்ன சொல்வது?

நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார்.

பத்து நொடி. இருபது. அரை நிமிடம்.

போன் அலறியது.

சத்தத்தை முழு அளவில் வைத்திருந்தார். கட்டடமே அதிர்ந்தது. ரோசாரி சிஸ்டர் நோட்டும் கையுமாக ஓடிவந்தாள்.

“என்ன அண்ணாச்சி, என்ன ஆச்சு? எதும் கெட்டுப்போச்சா?”

திரை முழுக்கச் சிவப்பு. ஜெபமணி போனை அணைக்கவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“சத்தம் வருது சிஸ்டர்,” என்றார். “சத்தம் வருது.”