எத்தனை பேருக்குச் சமையல்?

ஐரோப்பிய நாடொன்றின் இராணுவ உளவுத்துறைக்கு யாழ்ப்பாணத்துக் குகனேசன்தான் சமையற்காரன். துறைத் தலைவர் ஜெனரல் ஹென்ட்ரிக்கோ தன் காலில் போடும் சப்பாத்தின் அளவைக்கூட இரகசியம் என்பவர்.

"நாளைக்கு விருந்து. எத்தனை பேர் என்பது இரகசியம். சோறு குறைந்தாலும் மிஞ்சினாலும் உன் வேலை போச்சு!"

"ஓம் சேர்" என்றான் குகனேசன்.

மறுநாள் கோழிக்கறி வாசம் கட்டடத்தையே தூக்கியது. விருந்து மேசையோ வெறுமையாய்க் கிடந்தது.

"சாப்பாடு எங்கே?" என்றார் ஜெனரல்.

"ஆயத்தம் சேர். எந்த அறையில இருக்கெண்டது இரகசியம்."

விருந்தாளிகளின் வயிறு உறுமியது. ஜெனரல் நடைக்கூடம் அதிரக் கத்தினார்: "பதினேழு பேரடா! கொண்டு வா!"

பதினேழு பேருக்கும் பரிமாறினான் குகனேசன். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம் மிச்சத்தை வழித்துப் போட்டான்.

"குறையவும் இல்லை, மிஞ்சவும் இல்லை சேர். எத்தனை பேர் சாப்பிட்டவை எண்டது மட்டும் இரகசியம்."