கிளிக்கு ஊட்டிய கை

கடல் கோயில் மதிலைத் தொட்டுக்கொண்டு கிடந்த காலம் அது. முத்துத்துறை என்ற ஊரில் மாசிலாமணி என்று ஒரு கப்பல் வணிகன் இருந்தான். இருந்தான் என்று பேர்தான். பாதி நாள் கடலில் கிடப்பான். வீட்டில் மனைவி செங்கமலமும், கணவனைக் கடலுக்குக் கொடுத்த அவன் தாய் வடிவும் வாசலைப் பார்த்தபடி இருப்பார்கள்.

ஒருமுறை கப்பலேறும் முன் வேடர் குடிசையில் மனைவிக்கு ஒரு கிளி வாங்கினான். செங்கமலமும் கூடப் போயிருந்தாள். வேடன் மனைவிக்கு முழங்கைவரை கண்ணாடி வளையல். அந்தக் கை கலகலவென்று கூண்டுக்குள் போயிற்று, கிளியை அமுக்கிப் பிடித்தது, இறகை நறுக்கியது. செங்கமலம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் வரும்வரை இதை நான் என்றே நினைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு மாசிலாமணி கப்பலேறினான். சொல்லலாமா அப்படி? ஆசையில் சொன்ன சொல் அவள் உயிரை வாங்கிவிட்டது.

ஏனென்றால் கூண்டில் சிந்திய நாலு தினையைத் தவிர கிளி எதையும் தின்னவில்லை. கோவைப்பழம் நீட்டினாள், கூண்டில் மோதிக்கொண்டது. பால்சோறு நீட்டினாள், மூக்கில் ரத்தம் வர மோதிக்கொண்டது. பொறுக்காமல் பிடித்து ஊட்டப் பார்த்தாள். அது கத்திய கத்தலில் அவளே பயந்து கையை எடுத்துவிட்டாள். அதற்கு ஒன்று ஆகிவிட்டால் அவருக்கும் ஆகிவிட்டது என்றுதானே அர்த்தம்? கப்பல் வரவேண்டிய பௌர்ணமியும் போய்விட்டது.

ஒருநாள் அவள் ஒன்றைக் கவனித்தாள். மாமியார் புறக்கடைக்குப் போகும்போது மட்டும் கிளி ஒடுங்குவதில்லை. கழுத்தை நீட்டி அவள் போவதையே பார்க்கிறது. வடிவோ சுவரோரமாக ஒதுங்கித்தான் போவாள். கைம்பெண் கை மங்கலப் பொருளில் படக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். அவள் கையில் வளையல் கிடையாது. செங்கமலத்துக்கு வேடன் மனைவியின் வளையல் கை நினைவுக்கு வந்தது. அட பாவமே, இத்தனை நாளும் நான் நீட்டியது அந்தக் கையையா என்று அவளுக்கு அழுகை வந்தது.

"அத்தை, நீங்கள் ஊட்டினால் தின்னும்" என்று கெஞ்சினாள்.

"அவன் அப்பாவை வாரிக்கொடுத்த கை இது. என் பிள்ளைக்கும் எமனாக வேண்டாம்" என்று வடிவு உள்ளே போய்விட்டாள்.

செங்கமலம் வளையல்களை மேலே ஏற்றிப் பார்த்தாள். கையை நீட்டியதும் இறங்கி வந்து கலகலத்தன. வேறு வழி? புருஷன் கடலில் இருக்கும்போது வளையலைக் கழற்றினால் அவனையே கழற்றி வைத்தது போல என்பார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு கழற்றினாள். கை கிடுகிடுவென்று நடுங்கியது. கிளி ஓரடி வந்தது. நடுங்குகிற கையைப் பார்த்துப் பின்வாங்கியது.

கதவோரம் நின்ற வடிவு அதைப் பார்த்துவிட்டாள். அதட்டவில்லை. மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, மங்கலப் பொருள் எதையும் தொடாத தன் கையாலேயே வளையல்களை எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டாள்.

"வெறுங்கையாக நான் ஒருத்தி போதும். பழத்தைக் கொடு."

அசையாமல் நீட்டினாள். கை மரத்துப்போகும்வரை நீட்டினாள். கிளி ஓரடி வந்தது, இன்னோரடி வந்தது, கொத்தித் தின்றது.

பிறகு தினமும் மாமியார் ஊட்டுவாள்; மருமகள் தள்ளி உட்கார்ந்து வளையலை மெல்ல அசைப்பாள். பழத்தோடு சேர்ந்தே வந்த அந்த ஓசை கிளிக்குப் பழகியது. நாளாக நாளாக வளையல் கைக்கும் வந்தது.

மழை தொடங்கிய ஒரு காலையில் பாய்மரம் தெரிந்தது. வருகிறவன் முதலில் கைம்பெண் முகத்தில் விழிக்கக்கூடாது என்று வழக்கம்போல் வடிவு உள்ளே ஒளியப் போனாள். இப்போதெல்லாம் கூண்டை விட்டு அவள் தோளிலேயே இருக்கும் கிளி இறங்க மறுத்தது. செங்கமலம் அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்துவிட்டாள். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, கரையேறி வந்த மாசிலாமணி முதலில் பார்த்தது தாயின் முகத்தைத்தான்.

ஒன்றும் ஆகவில்லை. வந்தவன் "அம்மா, பசிக்கிறது" என்றான்.

ஆகவே, கேட்டவர்களே, பயந்த உயிர் நம்மை நம்ப வேண்டுமானால் முதலில் நம் பயத்தை நாம் கழற்றி வைக்க வேண்டும்.